போட்டோ பிரிண்டரில் சோதனை அச்சு: தாளை வீணாக்காமல் எடுப்பது எப்படி?

போட்டோ பிரிண்டரை வாங்கிப் பெட்டியைப் பிரித்த வேகத்திலேயே முதல் கட்டுத் தாளும் தீர்ந்துபோவது புதியவர்கள் பலருக்கு நேர்கிறது. முகம் இருண்டு வந்ததென்று ஒன்று, அதைச் சரிசெய்தால் வானம் வெளிறிவிட்டதென்று இன்னொன்று, ஓரம் வெட்டுப்பட்டதென்று மற்றொன்று என ஒரே படத்துக்கு ஏ4 தாள்கள் வரிசையாகக் குப்பைக்குப் போகும். கடைசியில் கையில் நிற்கும் அச்சும் மனத்துக்கு நிறைவாக இராது. நானும் இதில் நெடுநாள் அல்லாடிய பிறகே ஓர் ஒழுங்குக்கு வந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, எதை எந்த வரிசையில் செய்தால் தாள் மிஞ்சும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு சோதனை அச்சும் ஏதேனும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். பிரிண்டர் எல்லா நிறங்களையும் ஒழுங்காகத் தெளிக்கிறதா, படம் தாளில் சரியான இடத்தில் விழுகிறதா, ஒளியும் நிறமும் நினைத்தபடி வருகின்றனவா, நுணுக்கங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்பவை நான்கு வெவ்வேறு கேள்விகள். முதல் இரண்டுக்கும் போட்டோ பேப்பரே தேவையில்லை. மூன்றாவதற்கு அதே போட்டோ பேப்பர் வேண்டும், ஆனால் சிறு துண்டு போதும். நான்காவதற்குப் படத்தின் ஒரு பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே எடுத்தால் போதும். இந்த நான்கையும் ஒரே முழுத் தாளில் கேட்கப் போகும்போதுதான் தாள் கரைகிறது, ஏனென்றால் ஒன்று பிழைத்தாலும் மற்ற மூன்றுக்கும் சேர்த்து முழுத் தாளையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

கீழே உள்ளவை இங்க்ஜெட் பிரிண்டருக்கானவை. ரிப்பன் வைத்து அச்சிடும் டை-சப்ளிமேஷன் பிரிண்டருக்குக் கணக்கே வேறு என்பதால் அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

1. பிரிண்டரைத் தொடும் முன் குறிப்பேட்டைத் திறந்துகொள்ளுங்கள்

தாளை மிச்சப்படுத்தும் கருவிகளில் மலிவானதும் பயனுள்ளதும் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, தாளின் முழுப்பெயர், டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் கணினி மென்பொருளில்) தேர்ந்தெடுத்த தாள் வகை, ஐசிசி புரொஃபைலின் (குறிப்பிட்ட தாளிலும் மையிலும் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பின்) பெயர், ரெண்டரிங் இன்டென்ட் (தாளில் வராத நிறங்களை எப்படி மாற்றுவது என்ற தெரிவு), அச்சுத் தரம், படத்தில் செய்த மாற்றம் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். அச்சு காய்ந்த பிறகு அதன் விளைவையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். இது எழுத்து வேலையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே தாளை எடுக்கும்போது, முன்பு எந்த அமைப்பில் நன்றாக வந்தது என்று நினைவுக்கு வராமல் மறுபடி முதலிலிருந்து சோதிக்கும் நிலை இந்த ஒரு வரியால் தவிரும்.

அச்சின் பின்புறத்திலும் அடையாளம் வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள போட்டோ பேப்பரின் முதுகில் பென்சிலும் சாதாரணப் பேனாவும் சரியாகப் பிடிப்பதில்லை. நுனி மெலிந்த, அழியாத மார்க்கர் பேனா நல்லது. எழுதியதும் அடுக்காமல் மை உலரும்வரை பொறுங்கள், இல்லையென்றால் அது அடுத்த அச்சின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

2. சாதாரணத் தாளில் முடிவதைச் சாதாரணத் தாளிலேயே முடியுங்கள்

பிரிண்டர் சில நாட்கள் சும்மா இருந்திருந்தால், முதல் வேலை நாசில் செக், அதாவது மை தெளிக்கும் நுண்துளைகளான நாசில்கள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் கோடுகளின் அச்சு. இதற்கு ஒருபுறம் அச்சான அலுவலகத் தாளின் மறுபுறமே போதும். கசங்காமலும் ஸ்டேப்ளர் பின் இல்லாமலும் இருந்தால் சரி. அச்சில் தெரியும் கோடுகளில் எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று நிறம் நிறமாகப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் விட்டுப்போன இடம் தெரியும். இதைப் பார்க்காமல் அச்சிட்டு, தோல் நிறம் நீலம் பாய்ந்து வந்ததும் படத்தில் நிறத்தை மாற்றத் தொடங்கினால், அடைத்துக்கொண்ட ஒரு நாசிலைப் படத்திருத்தத்தால் சரிசெய்ய முயல்வதாகிவிடும். அதற்குப் பலியாகும் தாளுக்குக் கணக்கே இல்லை.

இடைவெளி தெரிந்தால் ஹெட் கிளீனிங் (நாசில்கள் உள்ள ஹெட்டைச் சுத்தம் செய்யும் வசதி) ஒருமுறை செய்து மீண்டும் நாசில் செக் எடுங்கள். நாசில் செக்குக்கு மிகக் குறைந்த மையே செலவாகும். ஹெட் கிளீனிங்கோ கணிசமான மையைக் கழிவுத் தொட்டிக்கு அனுப்பும். ஆகவே அடைப்பு நீங்கவில்லையே என்று அடுத்தடுத்து ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் பலனில்லை என்றால் பிரிண்டரை ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் பாருங்கள். உலர்ந்த மை இளகி, பல சமயங்களில் தானாகவே வழிவிடும்.

படம் தாளில் எங்கே விழுகிறது, நெட்டுவாக்கா குறுக்குவாக்கா, ஓரத்தில் எவ்வளவு வெட்டுப்படுகிறது, நான்கு பக்க வெள்ளை ஓரமும் சமமாக இருக்கிறதா என்பதையும் சாதாரணத் தாளிலேயே, வரைவுத் தரத்தில் அச்சிட்டுப் பார்த்துவிடலாம். அந்த அச்சில் நிறத்தைப் பற்றி மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். சாதாரணத் தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் கறுப்பு சாம்பலாகவும் நிறங்கள் மங்கியும்தான் தெரியும். அதைப் பார்த்துப் படத்தின் நிறத்தை ஏற்றிவிட்டுப் போட்டோ பேப்பருக்குப் போனால் எல்லாம் மிகையாக வரும்.

3. திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்

“திரையில் நன்றாக இருக்கிறது, அச்சில் இருட்டாக வருகிறது” என்பதுதான் புதியவர்களிடம் அதிகம் கேட்கும் குறை. பெரும்பாலும் பிரிண்டரிலோ தாளிலோ கோளாறு இருப்பதில்லை. திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கும். கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பல சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவுக்கும் மேற்பட்ட ஒளியுடன் வருகின்றன. அச்சு வேலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 80 முதல் 120 கேண்டெலா. திரையை அளந்து சரிசெய்யும் காலிபரேஷன் கருவி இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள்: ஒரு வெள்ளைத் தாளை, நீங்கள் அச்சுகளைப் பார்க்கும் விளக்கொளியில் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். துல்லியமான முறை இது இல்லைதான். ஆனாலும் இருண்ட அச்சுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்தாலேயே நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

திரையில் இரவு நேர மஞ்சள் வடிகட்டி, சுற்றுப்புற ஒளிக்கேற்பத் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி போன்றவை இருந்தால், படம் திருத்தும் நேரத்தில் அவற்றை அணைத்துவிடுங்கள்.

4. அமைப்புகளை அச்சிடும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்

வீணாகும் முழுத் தாள்களில் பெரும்பகுதி படத்தால் வீணாவதில்லை. டிரைவரில் ஏதோ ஒரு பெட்டி தவறாக இருந்ததால் வீணாகிறது. நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது தாளின் அளவு. மென்பொருளில் ஏ4 என்றும் டிரைவரில் 4×6 அங்குலம் என்றும் இருந்தால் படத்தின் மூலை மட்டும் அச்சாகி வெளியே வரும்.

இரண்டாவது தாள் வகை. கிளாஸி (பளபளப்பு), லஸ்டர் (மிதமான பளபளப்பு), மேட் (பளபளப்பில்லாதது) என்று நீங்கள் தேர்ந்தெடுப்பதை வைத்துத்தான் எவ்வளவு மை தெளிப்பது, எந்தக் கறுப்பு மையைப் பயன்படுத்துவது, பல பிரிண்டர்களில் ஹெட் தாளிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓடுவது என்பதெல்லாம் தீர்மானமாகின்றன. தாள் தயாரிப்பாளர் ஐசிசி புரொஃபைல் தந்திருந்தால், அதனுடன் எந்தத் தாள் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்காமல் புரொஃபைலை மட்டும் இறக்கிக்கொண்டால் பாதிப் பயன்தான்.

மூன்றாவது, நிறத்தை யார் கையாள்வது என்பது. மென்பொருளில் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால், டிரைவரில் நிற மேலாண்மையை அணைக்க வேண்டும். டிரைவரிடம் விட்டால், மென்பொருளில் “பிரிண்டரே நிறத்தைக் கையாளட்டும்” என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இயங்கினால் நிறம் இரண்டு முறை மாற்றப்பட்டு, அச்சு விகாரமாக, பெரும்பாலும் மெஜந்தா படர்ந்து வரும். இந்த அச்சைப் பார்த்துவிட்டுப் படத்தில் பச்சையைக் கூட்டப் போகாதீர்கள். விகாரம் படம் முழுவதும் ஒரே மாதிரி படர்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

நான்காவது, தாளின் எந்தப் பக்கம் அச்சுக்கு உரியது என்பது. கிளாஸி தாளில் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும். மேட் தாளில்தான் குழப்பம் வரும்: ஒருபுறம் மட்டும் பூச்சுள்ள தாளில் பூச்சுப் பக்கம் சற்று வெண்மையாக இருக்கும். அப்படியும் தெரியாவிட்டால், விரல் நுனியை லேசாக ஈரப்படுத்தி, தாளின் மூலையை இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்லப் பிடித்து விடுங்கள். பூச்சுள்ள பக்கம் விரலில் கொஞ்சம் ஒட்டிப் பிரியும், மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மூலையில் மட்டும் செய்யுங்கள், அந்த இடம் அச்சுக்கு உதவாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளின் முதுகில் அச்சிட்டால் மை உள்ளே இறங்காமல் தேங்கி நின்று, உருளைகளிலும் படிந்து, அடுத்து வரும் நல்ல தாளையும் கறையாக்கும்.

எல்லாம் சரியாக அமைந்ததும், அந்த அமைப்பைத் தாளின் பெயரிலேயே பிரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை ஒரே சொடுக்கில் நான்கும் வந்துவிடும்.

5. சாஃப்ட் புரூஃப்: தாளே இல்லாத சோதனை

லைட்ரூம் கிளாசிக், ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்களில், தேர்ந்தெடுத்த தாளின் புரொஃபைலை வைத்து அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் வசதி உண்டு. தாளின் வெண்மையையும் மையின் கறுப்பையும் பாவித்துக் காட்டும் தெரிவை இயக்கினால் படம் சட்டென்று வெளிறிப்போனதுபோல் தோன்றும். பயப்பட வேண்டாம், ஒளிரும் திரைக்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாளுக்கும் உள்ள வேறுபாடே அது. முக்கியமாகப் பார்க்க வேண்டியவை அடர்ந்த நீலம், பளிச்சென்ற சிவப்பு, பூக்களின் ஊதா போன்றவை, ஏனென்றால் இவை பல தாள்களின் நிற எல்லைக்கு வெளியே விழும். பெர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் ஆகிய இரண்டு இன்டென்ட்களையும் இங்கேயே மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றை முடிவு செய்துவிட்டால், அதற்கென்று இரண்டு தாள்கள் செலவாகாது.

சாஃப்ட் புரூஃப் திரையின் தரத்தை மீறி உண்மை சொல்லாது. மூன்றாவது படியைச் செய்யாமல் இதற்கு வந்தால் பயனில்லை.

6. பட்டை அச்சு: முழுப் படம் வேண்டாம், குறுக்கே ஒரு கீற்று போதும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படத்தின் மிக இருண்ட இடம், மிக வெளிச்சமான இடம், மனிதர் இருந்தால் தோல் நிறம் ஆகிய மூன்றையும் கடந்து செல்லும் ஒரு பட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலோரம் ஒருவர் அமர்ந்திருக்கும் படம் என்று வைத்துக்கொள்வோம். தலைமுடியில் தொடங்கி, நிழல் விழுந்த கன்னத்தைக் கடந்து, வெள்ளைச் சட்டையின் மடிப்புகள்வரை செல்லும் சுமார் நான்கு சென்டிமீட்டர் அகலக் கீற்று அந்தப் படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அனைத்தையும் சொல்லிவிடும். முடியின் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அல்லது ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டனவா? கன்னத்தின் நிழலில் பச்சையோ நீலமோ கலந்திருக்கிறதா? சட்டையின் மடிப்பு தெரிகிறதா, வெறும் தாளாக வெளுத்துவிட்டதா? பின்னணிச் சுவரை அச்சிட்டுப் பார்ப்பதால் இவற்றில் எதற்கும் விடை கிடைக்காது.

அடுத்து, அந்தப் பட்டையை வெளிச்சத்தில் மட்டும் மாறுபடும் ஐந்து பிரதிகளாக்குங்கள்: ஒன்று இருப்பது இருந்தபடி, மற்ற நான்கும் படிப்படியாக வெளிச்சம் கூட்டியவை. படிகளுக்கிடையே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கட்டும். மிக நுண்ணிய படிகளை வைத்தால் ஐந்தும் ஒன்றுபோலவே தெரிந்து, தாள் போனதுதான் மிச்சமாகும். ஐந்தையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதன் எண்ணைச் சிறிய எழுத்தில் படத்தோடு சேர்த்தே அச்சிடுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் இதற்கு வர்ச்சுவல் காப்பிகளை (அசல் கோப்பைத் தொடாத மாற்றுப் பிரதிகளை) உண்டாக்கி, பிரிண்ட் பகுதியில் கஸ்டம் பேக்கேஜ் அமைப்பில் ஒரே பக்கத்தில் வைக்கலாம். வேறு மென்பொருளில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக ஒட்டினாலும் அதே பலன்தான். ஐந்து முழுத் தாள்களில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே தாளில் கிடைத்துவிடும். அதைவிட முக்கியம், ஐந்தும் ஒரே தாளில், ஒரே நேரத்தில், ஒரே ஒளியில் அருகருகே இருப்பதால் எது சரி என்று கண் தயங்காமல் சொல்லும்.

வெளிச்சம் முடிவான பிறகே நிறத்துக்குப் போங்கள். சிவப்பு, பச்சை, நீலம், சையான், மெஜந்தா, மஞ்சள் என ஆறு திசைகளிலும் சிறிது சிறிது நகர்த்திய ஆறு பிரதிகளும் நடுவில் நகர்த்தாத ஒன்றும் வைத்தால், நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே சோதனையில் மாற்றினால், முன்னேற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாமல் மீண்டும் அச்சிட வேண்டிவரும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

புதிய வகைத் தாளை முதன்முதலில் பிரிக்கும்போது மட்டும், உங்கள் படத்துக்கு முன் ஒரு சாம்பல் படிக்கட்டை அச்சிட்டுவிடுங்கள். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில், 0, 5, 10, 15 என்று 50 வரை இருண்ட கட்டங்களும், 235 முதல் 255 வரை வெளிச்சக் கட்டங்களும் ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக வரிசையாக இருந்தால் போதும். எந்தக் கட்டத்திலிருந்து கறுப்பு பிரிந்து தெரியத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 15 வரை எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தால், படத்தில் 15க்குக் கீழே உள்ள நுணுக்கம் எதுவும் அந்தத் தாளில் அச்சிட்டால் தெரியாது என்பது உறுதி. அதற்குப் பிறகு திரையில் மவுஸை வைத்து எண்ணைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஒரு தாள் வகைக்கு ஒருமுறை எடுத்துப் பத்திரப்படுத்தினால், அதே பிரிண்டரும் அதே மையும் இருக்கும்வரை அது உதவும்.

7. தாளை வெட்டுவதா, ஒரே தாளை மறுபடி செலுத்துவதா?

இரண்டு வழியும் உண்டு. ஓர் ஏ4 தாளை நான்காக வெட்டினால் 105×148 மில்லிமீட்டர் கொண்ட நான்கு ஏ6 துண்டுகள் கிடைக்கும். வெட்டும் முன் பிரிண்டரின் கையேட்டில் குறைந்தபட்சத் தாள் அளவைப் பார்த்துவிடுங்கள். அதைவிடச் சிறிய துண்டை உருளைகள் பிடித்துக்கொண்டு விடாமல் உள்ளேயே சிக்கவைக்கும், அல்லது கோணலாக இழுக்கும். டிரைவரிலும் ஏ6 என்று மாற்ற மறக்க வேண்டாம். பருத்திக் கூழால் ஆன தாள்களையும் சில மேட் தாள்களையும் வெட்டும்போது ஓரத்தில் தூசி போன்ற நார் உதிரும். மென்மையான தூரிகையால் தட்டிவிட்ட பிறகே செலுத்துங்கள், ஏனென்றால் அந்தத் தூசி அச்சில் வெள்ளைப் புள்ளிகளாக விழுவதோடு ஹெட்டிலும் போய் ஒட்டும்.

நீங்கள் பயன்படுத்தும் தாள் சிறிய அளவுக் கட்டாகவும் கிடைக்கிறதென்றால், வெட்டும் வேலையே இல்லாமல் அதைச் சோதனைக்கென்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே தயாரிப்பாளரின், அதே பெயருள்ள, அதே மேற்பரப்புத் தாளாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு கிளாஸி தாளில் சோதித்துவிட்டு நல்ல தாளில் இறுதி அச்சை எடுத்தால், சோதனையில் கண்ட நிறம் இறுதி அச்சில் வராது. சோதனைத் தாள் மிஞ்சி, நல்ல தாள் வீணாகும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. முழு ஏ4 தாளின் நீளத்தை ஐந்து பட்டைகளாக மனத்தில் பிரித்துக்கொண்டு, முதல் சோதனையை ஒரு பட்டையில் மட்டும் அச்சிட்டு, மீதியை வெறுமையாக விட்டுவிடுவது. அடுத்த சோதனைக்குப் படத்தை அடுத்த பட்டைக்கு நகர்த்தி, அதே தாளையே மறுபடி செலுத்துவது. தாள் உள்ளே நுழையும் முனை சுத்தமாகவும் சமமாகவும் இருந்தால்தான் உருளைகள் சரியாகப் பிடிக்கும் என்பதால், அச்சைத் தாளின் கடைசி முனையிலிருந்து தொடங்கி முன்முனையை நோக்கி வாருங்கள். இதில் மூன்று கவனம் தேவை. முந்தைய பட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் வெளியேறும் இடத்தில் உள்ள பற்சக்கரங்கள் அதன்மேல் புள்ளிப் புள்ளியாகத் தடம் பதிக்கும். மை வாங்கிய தாள் சற்று வளைந்திருந்தால் ஹெட் உரசக்கூடும். மேலே ஒரு வெள்ளைத் தாளை மூடி, கனமான புத்தகத்தின் அடியில் வைத்துச் சமமாக்கிய பிறகு செலுத்துங்கள். எந்தத் திசையில் நுழைக்க வேண்டும் என்று தாளின் பின்புறத்தில் அம்புக்குறி ஒன்று போட்டுவிடுங்கள், ஏனென்றால் திசை மாறினால் புதிய பட்டை பழையதன் மேலேயே விழும்.

சோதனைகளை எப்போதும் ஓரம் விட்டே எடுங்கள். ஓரமில்லாத அச்சில் பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, தாளுக்கு வெளியிலும் மையைத் தெளிக்கும். அந்த மை கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது.

8. கூர்மையைச் சோதிக்க அளவைக் குறைக்கக் கூடாது

நிறத்தைப் பார்க்கப் படத்தைச் சிறிதாக்கி அச்சிடலாம். நீள அகலங்களைப் பாதியாக்கினால் கால் பங்குத் தாளே செலவாகும். கூர்மைக்கும் புள்ளி இரைச்சலுக்கும் (படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகளுக்கும்) அது பொருந்தாது. பெரிய படத்தைச் சுருக்கினால் எல்லாமே கூர்மையாகத் தெரியும், இரைச்சல் மறையும். அதை நம்பிப் பெரிதாக எடுத்தால் ஏமாற்றம்தான். எனவே இறுதி அச்சின் முழு அளவுக்குப் படத்தை அமைத்துக்கொண்டு, ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் அடர்த்தி வருகிறதா என்று பார்த்து, கண்ணோ நெசவோ இலையோ இருக்கும் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அதே அளவிலேயே அச்சிடுங்கள். வெட்டிய பகுதியை மென்பொருள் “பக்கத்துக்குப் பொருந்தும்படி” தானாகப் பெரிதாக்கிவிடாமல் அந்தத் தெரிவை அணைத்துவிடுங்கள். கூர்மையாக்கம் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று பிரதிகளை அருகருகே வைத்தால் ஒரே ஏ6 துண்டில் விடை கிடைத்துவிடும்.

9. உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள்

பிரிண்டரிலிருந்து வெளிவரும் அச்சு உலர்ந்ததுபோல் இருந்தாலும் நிறம் நிலைபெறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மேட் தாளில் காயக் காயக் கறுப்பும் அடர்ந்த நிறங்களும் மாறுவது நன்றாகவே தெரியும். குறைந்தது அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். நுட்பமான நிற முடிவு என்றால் மறுநாள் காலை பார்ப்பதே சரி. கண்ணாடிச் சட்டத்தில் அடைக்கும் அச்சையும் ஒரு நாள் முழுதும் காய விட வேண்டும்.

எந்த ஒளியில் பார்க்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். அச்சுகளைப் பார்வையிடுவதற்கான ஐஎஸ்ஓ 3664 தரநிலை 5000 கெல்வின் கொண்ட டி50 ஒளியை வைத்துப் பேசுகிறது. நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்ப்பதற்கு 500 லக்ஸ் என்று அளவும் சொல்கிறது. வீட்டில் அதற்கான விளக்குப் பெட்டி இல்லாவிட்டால், நேர் வெயில் படாத ஜன்னலருகே பகலில் பாருங்கள். பிறகு படம் மாட்டப்போகும் சுவரிலேயே பட்டையை ஒட்டி, அங்கே இரவில் எரியும் விளக்கிலும் ஒருமுறை பாருங்கள். மங்கிய மஞ்சள் விளக்கில் எடுத்த முடிவைப் பகல் ஒளி கவிழ்த்துவிடும். அந்தக் குழப்பத்தில் போகும் தாளும் கொஞ்சமில்லை.

10. செலவையும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்

கட்டின் விலையைத் தாள்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு தாளின் விலையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஏ4-ஐ ஐந்து பட்டைகளாக்கினால் ஒரு கேள்விக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கும், நான்காக வெட்டினால் கால் பங்கும் ஆகிறது. மைக்கும் இதே கணக்குதான், அச்சாகும் பரப்பு குறையும்போது மையும் குறைகிறது. ஒரு படத்துக்குச் சோதனைத் தாள் ஒன்று, இறுதித் தாள் ஒன்று என்பதை வரம்பாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான படங்கள் அதற்குள் அடங்கிவிடும்.

பல படங்களை அச்சிடுவதாக இருந்தால் எல்லாவற்றின் பட்டைகளையும் ஒரே நாளில், ஒரே தாளில் சேர்த்து எடுங்கள். மாலையில் பட்டைகள், மறுநாள் பகல் வெளிச்சத்தில் முடிவு, அதன் பிறகு ஒரு நாசில் செக், உடனே இறுதி அச்சுகள் என்று இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாக இருக்கிறது. மேட் தாளுக்கும் கிளாஸி தாளுக்கும் வெவ்வேறு கறுப்பு மையைப் பயன்படுத்தும் பிரிண்டர்கள் சிலவற்றில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் குழாயைச் சுத்தம் செய்ய மை செலவாகும்; ஆகவே மேட் வேலைகளை ஒரு தொகுதியாகவும் கிளாஸி வேலைகளை இன்னொரு தொகுதியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

11. டை-சப்ளிமேஷன் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு

4×6 அங்குல அச்சுகளைத் தரும் சிறிய ரிப்பன் பிரிண்டர்களில் தாளின் ஒவ்வொரு அச்சுக்கும் மஞ்சள், மெஜந்தா, சையான், மேற்பூச்சு என ரிப்பனின் ஒரு முழுச் சுற்று செலவாகிவிடும். தாளில் தபால்தலை அளவுக்கு மட்டும் படம் இருந்தாலும் அதே ரிப்பன்தான் போகும். ஆகவே சிறு படம் அச்சிட்டு மிச்சம் பிடிக்கும் எண்ணம் இங்கே பலிக்காது. மேற்பூச்சு ஏறிய தாளை மறுபடி செலுத்தவும் முடியாது. ரிப்பனும் தாளும் எண்ணிக்கை பொருந்தும்படி ஒரே கட்டாக வருவதால், ஒரு சோதனை என்பது ஒரு தாளும் ஒரு ரிப்பன் சுற்றும் சேர்ந்தது.

இங்கே செய்யக்கூடியது ஒரே அச்சில் முடிந்த அளவு கேள்விகளை அடைப்பதுதான். 4×6 பக்கத்தை இரண்டு வரிசை, மூன்று பத்திகளாகப் பிரித்து, ஆறு கட்டங்களில் ஆறு பட்டைகளை வையுங்கள். மூன்று படங்களுக்கு இரண்டு வெளிச்ச அளவுகள் வீதம் என்று பகிர்ந்தாலும் சரி. இவ்வகை அச்சு வெளிவரும்போதே உலர்ந்திருப்பதால் காத்திருக்க வேண்டியதில்லை; நேராக ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்து, தேர்ந்தெடுத்த கட்டத்தின் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த தாளிலேயே இறுதி அச்சை எடுத்துவிடலாம்.